தொட்டில்களில் வாழ்ந்த பெயர்
சுவீடன் நாட்டுப் புனித பிர்கிற்றா



வீட்டில் ஒரு பெண்குழந்தை பிறந்துவிட்டால் பெற்றோர் முன் உடனே வந்து நிற்கும் கேள்வி, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான். அம்மம்மா ஒரு பெயரைச் சொல்லுவார். அப்பம்மா இன்னொன்றைச் சொல்லுவார். ஞானத்தாய்க்கு ஒரு விருப்பம் இருக்கும். எண்சாத்திரம் பார்ப்பவர்களும், கேட்பதற்கு இனிமையாக இருந்தால் போதும் என்பவர்களும் நம்மிடையே உண்டு.

நம் குடும்பங்களில் பல இன்று வட ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றன. சுவீடன் நாட்டில் பிள்ளை பிறந்தால் மூன்று மாதங்களுக்குள் அதன் பெயரை அரசாங்க வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆட்பதிவேடு அங்கே அத்திணைக்களத்தின் கையில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு வரையில் அதனை லூத்தரன் பங்குகளே வைத்திருந்தன. அந்நாட்டு மக்களின் வாயில் இலகுவாக நுழையக்கூடியதும், நம் விசுவாசத்துக்கு உகந்ததுமான ஒரு சுவீடிஷ் பெயர் பெண்பிள்ளைக்கு உண்டா என்று கேட்கும் பெற்றோருக்கு, ஆம், உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். அந்தப் பெயர் பிர்கிற்றா. நாம் பிரிஜித்தம்மாள் என்று அழைப்பவர் அவரே. அவரது பெயரில் வழங்கும் பதினைந்து செபங்களைப் பழைய செபப் புத்தகங்களில் கண்டவர்கள் உங்களுள் இருப்பீர்கள். ஆயினும் அந்தப் புனிதை ஒரு மனைவி, எட்டுப் பிள்ளைகளின் தாய், ஒரு விதவை என்பதை அறிந்தவர்கள் குறைவு. அவரது வாழ்வையும், அவரது பெயர் கடந்து வந்த வழியையும் இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

பெயர் வந்த வழி

சுவீடன் தலைநகரான ஸ்ரொக்கோமுக்கு வடக்கே உப்லாந்து என்னும் மாகாணம் இருக்கிறது. அங்கே பின்ஸ்தா என்ற பண்ணை வீட்டிலே, 1303ஆம் ஆண்டளவில் பிர்கிற்றா பிறந்தார். தந்தையார் பிர்கர் பேர்சொன், அம்மாகாணத்தின் நீதிபதி. உப்லாந்தின் சட்டங்கள் 1296ஆம் ஆண்டிலே தொகுத்து எழுதப்பட்டபோது அவ்வேலைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. வெள்ளிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் செய்யும் பக்தர் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. தாயார் இங்கெபோர்க் அரச குடும்பத்துக்கு உறவினர். பிர்கிற்றா வயிற்றில் இருந்தபோது தாயார் சென்ற கப்பல் கடலிலே உடைந்ததென்றும், வயிற்றுப் பிள்ளைக்காகவே இறைவன் அவரைக் காப்பாற்றினாரென்றும் ஒரு மரபுக் கதை உண்டு.

பிர்கிற்றா என்னும் பெயர் சுவீடன் மண்ணிலே தோன்றியதன்று. அயர்லாந்திலே கில்டெயர் என்னுமிடத்தில் மடம் அமைத்து வாழ்ந்த புனித பிரிஜித்தின் பெயரே கடல் கடந்து வடக்கே போய், அந்நாட்டு நாவுக்கு ஏற்பப் பிர்கிற்றா என்று மாறியது. உயர்ந்தவள் என்பது அதன் பொருள். ஆகவே இரு புனிதைகளையும் ஒருவரென்று எண்ணிவிடாதீர்கள். அயர்லாந்துப் பிரிஜித்தின் திருநாள் பெப்ரவரி 1. சுவீடன் பிர்கிற்றாவின் திருநாள் யூலை 23.

பிர்கிற்றா ஏழு வயதில் தேவதாயைக் காட்சியில் கண்டார் என்றும், பத்து வயதில் பாடுகளைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்ட இரவிலே சிலுவையில் தொங்கும் ஆண்டவரைக் கண்டார் என்றும் அவரது வரலாறு கூறுகிறது. பன்னிரண்டு வயதாகுமுன்னே தாயை இழந்தார். தாயின் சகோதரியான கத்தரீனா அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். இந்தச் சின்னம்மாவின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது மீண்டும் வரும்.

எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பெயர்கள்

1316ஆம் ஆண்டிலே, அக்கால வழக்கப்படி பதின்மூன்று வயதிலேயே பிர்கிற்றாவுக்குத் திருமணம் நடந்தது. மணமகன் உல்ஃப் குட்மார்சொன். அவருக்கு வயது பதினெட்டு. போரென் என்ற ஏரிக்கரையிலே உல்வோசா என்னும் பண்ணையில் இருவரும் குடும்பம் நடத்தினர். உல்ஃப் பின்னர் நேர்க்கே மாகாணத்தின் நீதிபதியானார். பிர்கிற்றா வீட்டை நடத்தினார், பண்ணையாட்களைக் கவனித்தார், அருகிலே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு விடுதி அமைத்து, தம் கையாலேயே அவர்களுக்குப் பணிவிடை செய்தார். மகன்மாருக்குப் படிப்பித்த ஆசிரியரிடம் தாமும் இலத்தீன் கற்றார்.

இறைவன் அவர்களுக்கு நான்கு ஆண்களும் நான்கு பெண்களுமாக எட்டுப் பிள்ளைகளைக் கொடுத்தார். ஆண்கள் கார்ல், பிர்கர், பெங்ற், குட்மார். பெண்கள் மேர்த்தா, கத்தரீனா, இங்கெபோர்க், செசிலியா. வாசகர்களே, இந்தப் பெயர்களைச் சற்று நின்று பாருங்கள். சுவீடன் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று பெயர் வைத்த முறை முழுவதும் இவற்றில் இருக்கிறது.

முதலாவது, மூத்தோரின் பெயர்கள். பிர்கர் என்பது பிர்கிற்றாவின் தந்தையின் பெயர். இங்கெபோர்க் அவரது தாயின் பெயர். பெங்ற் அந்தத் தாயின் தந்தையுடைய பெயர். குட்மார் என்பது கணவரின் தந்தை பெயர். கத்தரீனா, தாயற்ற பிள்ளையை வளர்த்த அந்தச் சின்னம்மாவின் பெயர். அக்காலத்திலே அந்நாட்டவருக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். பிர்கரின் மகளாகையால் நம் புனிதை பிர்கிற்றா பிர்கெர்ஸ்டொத்தர் ஆனார். அவரது மகள், உல்ஃபின் மகளாகையால், கத்தரீனா உல்ஃப்ஸ்டொத்தர் ஆனார். தந்தையின் பெயரை முன்னே வைத்து எழுதும் நமக்கு இது விளங்குவது கடினமன்று.

இரண்டாவது, எட்டில் சரிபாதி புனிதர்களின் பெயர்கள். கத்தரீனா, அலெக்சாந்திரியா நகரத்து வேதசாட்சியான கன்னிகையின் பெயர். செசிலியா, உரோமாபுரியின் வேதசாட்சி. மேர்த்தா என்பது மார்கரீத்தா என்னும் பெயர் சுவீடிஷ் வாயிலே சுருங்கிய வடிவம். பெங்ற் என்பது ஆசீர்வாதப்பர் எனப்படும் புனித பெனடிக்ற்றின் பெயர்.

மூன்றாவது, மற்றப் பாதி அந்த மண்ணின் பழைய பெயர்கள். அந்நாடு கிறிஸ்துவை அறியுமுன்னரே வழங்கியவை. இங்கெபோர்க் என்ற பெயரிலே வட நாட்டாரின் பழைய தெய்வமொன்றின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அந்தப் பெயரைத் தாங்கிய சிறுமி றீசெபேர்கா என்னும் மடத்திலே கன்னியாகச் சேர்ந்து, இளமையிலேயே ஆண்டவரிடம் சென்றாள். பெயரின் பிறப்பு எதுவாயினும், அதைத் தாங்குபவரின் வாழ்வு அதனைப் பரிசுத்தமாக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

திருச்சபையும் இதையே எண்ணத்தில் கொண்டிருக்கிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குக்குரு கவனிக்க வேண்டும் என்றும், பெற்றோர் வேறு பெயரில் உறுதியாக நின்றால் அதனுடன் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் விதித்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை இடாதிருக்கப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. தாய்மொழியின் நல்ல பெயர்களுக்கு வாசல் அடைக்கப்படவில்லை.

பெயர் நம் கையில், வாழ்வு இறைவன் கையில்

பெயர் வைத்துவிட்டால் பிள்ளையின் வாழ்வையும் நாமே எழுதிவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. பிர்கிற்றாவுக்கும் அந்தப் பாடம் இலகுவாகக் கிடைக்கவில்லை.

மூத்த மகள் மேர்த்தாவை, தாயின் மனத்துக்குச் சற்றும் பிடிக்காத ஒருவருக்குத் தந்தை மணமுடித்துக் கொடுத்தார். தாய் அழுதார், தடுக்க முடியவில்லை. அதே மேர்த்தா பின்னாளில், சிறு வயதிலேயே நோர்வே அரசருக்கு மனைவியாக வந்த மார்கரேத்தா என்னும் டென்மார்க் இளவரசியைத் தம் பிள்ளைகளோடு வளர்த்தெடுத்தார். வட நாடுகள் மூன்றையும் 1397ஆம் ஆண்டிலே ஒரே முடியின் கீழ் கொண்டுவந்த மார்கரேத்தா அரசி அவர்தான். செசிலியாவைச் சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்திலே விட்டார்கள். அவள் அங்கே நிலைக்கவில்லை. வெளியே வந்து திருமணம் செய்துகொண்டாள். குட்மாரும் பெங்றும் வளர்ந்து ஆளாகுமுன்னரே இறந்தார்கள். மூத்த மகன் கார்ல் உலக ஆடம்பரங்களில் நாட்டமுள்ளவனாகித் தாயைக் கவலைப்பட வைத்தான்.

எட்டுப் பெயர்களையும் அன்போடு தேர்ந்த தாய், எட்டுப் பிள்ளைகளும் எட்டு வழியில் போவதைக் கண்டார். அவர்களுக்காகச் செபிப்பதை மட்டும் அவர் ஒருநாளும் விடவில்லை.

கணவனும் மனைவியும் யாத்திரிகராய்

1335ஆம் ஆண்டளவிலே இளம் அரசர் மாக்னுஸ், தம் புதிய மனைவியான பிளாங்கா அரசிக்குத் துணையாகவும் ஆலோசகராகவும் இருக்கும்படி பிர்கிற்றாவை அரண்மனைக்கு அழைத்தார். அரச வாழ்வின் ஊதாரித்தனத்தை அவர் முகத்துக்கு நேரே கண்டித்தார். அரசரும் அரசியும் கேட்டுக்கொண்டார்கள், பின்பற்றியது குறைவு.

கணவனும் மனைவியும் நோர்வேயிலுள்ள புனித ஒலாவுவின் திருத்தலத்துக்கு யாத்திரை சென்றார்கள். 1341ஆம் ஆண்டிலே ஸ்பெயின் நாட்டிலே சந்தியோகுமையோரின் கல்லறை உள்ள கொம்பொஸ்தெல்லாவுக்குப் புறப்பட்டார்கள். திரும்பும் வழியில், பிரான்சின் அறாஸ் நகரிலே உல்ஃப் கடும் நோயுற்றார். உயிர் தப்பி நாடு திரும்பியதும், எஞ்சிய நாட்களை இறைவனுக்கே கொடுப்பதென்று இருவரும் தீர்மானித்தார்கள். உல்ஃப் அல்வஸ்த்ரா என்னும் துறவியர் மடத்திலே தங்கி, 1344ஆம் ஆண்டிலே அங்கே இறந்தார். இருபத்தெட்டு ஆண்டு மணவாழ்வு முடிந்தது.

கணவர் அணிவித்த மோதிரத்தை அவர் இறந்த சில நாட்களிலேயே பிர்கிற்றா கழற்றிவிட்டாராம். ஊரார் குறை சொன்னார்கள். அன்பு குறைந்ததால் அவர் அப்படிச் செய்யவில்லை. கணவரை அடக்கம் செய்தபோதே உலக ஆசைகளையும் அடக்கம் செய்துவிட வேண்டும் என்பதே அவரது எண்ணம். அதன் பின்னரே அவருக்குக் காட்சிகள் அடிக்கடி கிடைத்தன. அவற்றை அவர் தம் தாய்மொழியிலே சொன்னார், எழுதினார். ஆன்ம குருக்கள் இலத்தீனுக்கு மாற்றினர். ஏறத்தாழ எழுநூறு வெளிப்பாடுகள் இவ்வாறு தொகுக்கப்பட்டுள்ளன.

பதினைந்து செபங்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அவை ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் நல்ல செபங்கள். ஆனால் அவை பிர்கிற்றாவின் கையெழுத்தில் பிறந்தவை என்பதை ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. அவற்றோடு அச்சிடப்படும் வாக்குறுதிகள் மேலிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரமில்லை என்று திருச்சபை 1954ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. செபத்தைச் சொல்லுங்கள், வாக்குறுதிகளிலே நம்பிக்கை வைக்காதீர்கள்.

உரோமாபுரியில் ஒரு விதவை

துறவியருக்கென ஒரு புதிய சபையை அமைக்கும்படி ஆண்டவர் தம்மைக் கேட்பதாகப் பிர்கிற்றா உணர்ந்தார். 1346ஆம் ஆண்டிலே அரசரும் அரசியும் வாட்ஸ்தேனா என்னும் இடத்திலிருந்த தம் மாளிகையை அதற்கென எழுதிக் கொடுத்தார்கள். அறுபது கன்னியர், பதின்மூன்று குருக்கள், நான்கு தியாக்கோன்மார், எட்டுச் சகோதரர். ஆக எண்பத்தைந்து பேர். சின்னப்பரையும் சேர்த்து அப்போஸ்தலர் பதின்மூவர், சீடர்கள் எழுபத்திருவர் என்ற கணக்கு அது. அந்த வீடு முழுவதற்கும் தலைவி மடத்துத் தாயார். தேவதாய் அப்போஸ்தலர் நடுவே இருந்ததுபோல என்று அவர் கண்டார்.

1349ஆம் ஆண்டிலே, கொள்ளைநோய் ஐரோப்பாவையே வாரிக்கொண்டிருந்த வேளையிலே, அவர் உரோமாபுரிக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூபிலி ஆண்டு. பாப்பரசர் அங்கே இல்லை. 1309ஆம் ஆண்டு முதல் பாப்பரசர்கள் பிரான்ஸ் தேசத்துப் பக்கம் அவிஞ்ஞோன் நகரிலே வாழ்ந்துவந்தார்கள். சபைக்கு அனுமதி பெறுவதும், பாப்பரசரை உரோமாபுரிக்குத் திரும்பும்படி மன்றாடுவதும் பிர்கிற்றாவின் இரு நோக்கங்கள். தம் நாட்டுக்கு அவர் உயிரோடு திரும்பவேயில்லை.

நீதிபதியின் மகளாய், நீதிபதியின் மனைவியாய் வாழ்ந்தவர் அங்கே கடன்பட்டு வாழ்ந்தார். பனிஸ்பேர்னாவிலுள்ள புனித லோறன்சு ஆலயத்தின் மடவாசலிலே ஏழைகளோடு ஏழையாக நின்று பிச்சை கேட்டார். ஐந்தாம் உர்பான் பாப்பரசர் 1367இல் உரோமாபுரிக்கு வந்து, 1370இல் பிர்கிற்றாவின் சபைக்கு அனுமதி கொடுத்தார். அதே ஆண்டிலே அவர் மீண்டும் அவிஞ்ஞோனுக்குப் புறப்பட்டபோது, போகவேண்டாம், போனால் சீக்கிரம் இறப்பீர்கள் என்று பிர்கிற்றா எச்சரித்தார். பாப்பரசர் போனார். அவ்வாண்டு மார்கழியிலேயே இறந்தார். பாப்பரசர் ஆட்சி உரோமாபுரிக்குத் திரும்பியது 1377இல். அதைக் காணப் பிர்கிற்றா உயிரோடிருக்கவில்லை.

1372ஆம் ஆண்டிலே, எழுபதை நெருங்கும் வயதிலே, அவர் புனித நாட்டுக்குப் புறப்பட்டார். கார்ல், பிர்கர், கத்தரீனா ஆகிய மூன்று பிள்ளைகளும் உடன் சென்றார்கள். வழியில் நாப்போலி நகரிலே கார்ல் அந்நாட்டு அரசியின் மேல் கொண்ட தகாத நேசத்திலே சிக்கினான். தாய் இரவும் பகலும் செபித்தார். மகன் காய்ச்சலில் விழுந்து தாயின் அருகிலேயே இறந்தான். அந்தத் துயரத்தோடு தாய் கப்பலேறினார். பெத்லகேமிலே அவருக்கு ஒரு காட்சி கிடைத்தது. தேவதாய் முழந்தாளிட்டிருக்க, பாலன் நிலத்திலே கிடக்க, அப்பாலனிடமிருந்தே ஒளி வீசியது. அதன் பின் ஐரோப்பிய ஓவியர்கள் கிறிஸ்து பிறப்பை அவ்வாறே வரையத் தொடங்கினார்கள். நம் ஆலயங்களின் பாலன் குடில்களிலே மாதா முழந்தாளில் இருக்கக் காண்கிறோமே, அது பிர்கிற்றாவின் காட்சியோடு பரவிய வழக்கமே.

1373ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் உரோமாபுரியிலே பிர்கிற்றா இறைவனடி சேர்ந்தார். தாம் கனவுகண்ட மடம் எழும்பியதை அவர் காணவில்லை. அச்சபையின் உடையைத் தரித்து வாழவுமில்லை.

தாயின் வேலையை முடித்த மகள்

அந்த வேலையை முடித்தவர் மகள் கத்தரீனா. சின்னம்மாவின் பெயர் என்று சொன்னோமே, அவரே. 1350ஆம் ஆண்டிலே தாயைப் பார்க்கவென்று உரோமாபுரிக்கு வந்தவர். அவர் அங்கிருந்தபோதே சுவீடனில் அவரது கணவர் இறந்தார். இளம் விதவை, அழகுள்ளவர், நாட்டு ஏக்கம் அவரை வாட்டியது. ஆயினும் இருபத்துமூன்று ஆண்டுகள் தாயின் பக்கத்தைவிட்டு அகலவில்லை. தாயின் திருவுடலைச் சகோதரன் பிர்கருடன் ஐரோப்பாவுக்கு ஊடாகக் கொண்டுசென்று, 1374ஆம் ஆண்டிலே வாட்ஸ்தேனாவிலே சேர்த்தார். அங்குள்ள கன்னியருக்குத் தலைமை தாங்கினார். தாயைப் புனிதராக்கும் அலுவலுக்காக மீண்டும் உரோமாபுரி சென்று ஐந்தாண்டுகள் உழைத்தார். 1381ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இறந்தார். அந்நாளே அவரது திருநாள். 1391ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7ஆம் நாள் ஒன்பதாம் பொனிப்பாஸ் பாப்பரசர் பிர்கிற்றாவைப் புனிதையாகப் பிரகடனம் செய்தார்.

பீடத்தை இழந்த பெயர்

இனி, வாசகர்களே, இந்தப் பெயரின் கதையிலே மிக வியப்பான பகுதிக்கு வருகிறோம்.

பதினாறாம் நூற்றாண்டிலே சுவீடன் அரசு உரோமைத் திருச்சபையை விட்டு விலகியது. மடங்களின் சொத்துக்கள் பறிக்கப்பட்டன. புனிதர் வணக்கம் நிறுத்தப்பட்டது. வாட்ஸ்தேனா மடம் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. 1595ஆம் ஆண்டிலே அதுவும் மூடப்பட்டது. பின்னர் கத்தோலிக்கனாய் வாழ்வதே அங்கே குற்றமாயிற்று. 1858ஆம் ஆண்டளவும், கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்த குற்றத்துக்காக ஆறு பெண்கள் நாடுகடத்தப்பட்டார்கள். அச்சட்டம் 1860இல் தளர்ந்தது. முழு மத சுதந்திரம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

பிர்கிற்றாவைப் பார்த்துச் செபிக்கக் கூடாது. அவரது திருநாளைக் கொண்டாடக் கூடாது. அவரது சபையில் சேரக் கூடாது. அப்படியானால் அந்தப் பெயர் மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறையவில்லை. அந்நாட்டுத் தாய்மார் தம் பெண்பிள்ளைகளுக்கு அதையே வைத்துக்கொண்டு வந்தார்கள். நாவுக்குச் சுருக்கமாகப் பிரீற்றா என்றும் பிரிற்றா என்றும் அழைத்தார்கள். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே, குடியானவர் வீடுகளிலெல்லாம் மிகப் பரவலாக வழங்கிய பெண்பெயர்களுள் அது ஒன்று. கத்தரீனா என்பதும் அவ்வாறே காரின் என்று குறுகி வாழ்ந்தது. கார்ல் லார்சொன் என்னும் புகழ்பெற்ற ஓவியர் தம் வீட்டுக் காட்சிகளை வரைந்து வைத்திருக்கிறார். அவற்றிலே வரும் மனைவியின் பெயர் காரின். மகள் ஒருத்தியின் பெயர் பிரீற்றா. 1940களில் அந்நாட்டில் பிறந்த பெண்பிள்ளைகளுக்கு மிக அதிகமாக இடப்பட்ட பெயர்களில் பிர்கிற்றாவும் ஒன்று. அந்நாட்டு நாட்காட்டியிலே பெரும்பாலான நாட்களுக்குப் பெயர்கள் உண்டு. அப்பெயருள்ளவர்கள் அன்று வாழ்த்துப் பெறுவார்கள். பிர்கிற்றாவின் நாள் இன்றும் ஒக்ரோபர் 7. அது அவர் புனிதையாக்கப்பட்ட நாள்!

அந்தத் தாய்மார் எல்லாரும் புனிதையை எண்ணித்தான் பெயர் வைத்தார்கள் என்று சொல்லமாட்டோம். பாட்டியின் பெயரென்று வைத்தவர்களே பெரும்பாலோர். ஆயினும் அந்தப் பாட்டிக்கும் ஒரு பாட்டி இருந்தாள். பீடத்திலே இடமற்றுப்போன பெயருக்குத் தொட்டிலிலே இடம் கிடைத்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்து வழி திறந்தபோது அந்தப் பெயர் அங்கே உயிரோடிருந்தது.

வழி திறந்தவரும் ஒரு சுவீடன் பெண். மரியா எலிசபெத் ஹெசெல்பிளாட் 1870ஆம் ஆண்டிலே லூத்தரன் குடும்பத்தில் பிறந்தார். வறுமையால் பதினெட்டு வயதிலே அமெரிக்கா சென்று தாதியானார். 1902இல் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்தார். உரோமாபுரியிலே பிர்கிற்றா வாழ்ந்து இறந்த வீட்டைத் தேடி வந்து, 1911ஆம் ஆண்டிலே பிர்கிற்றாவின் சபைக்குப் புத்துயிர் கொடுத்தார். 1935இல் அவரது கன்னியர் வாட்ஸ்தேனாவிலே மீண்டும் கால்வைத்தார்கள். உலக யுத்தத்தின்போது உரோமாபுரி வீட்டிலே யூதக் குடும்பங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 2016ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதையாக உயர்த்தினார். பிர்கிற்றாவையோ, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1999ஆம் ஆண்டிலே ஐரோப்பாவின் பாதுகாவலிகளுள் ஒருவராக அறிவித்திருந்தார்.

பெற்றோருக்கு ஒரு சொல்

ஆகவே, பெயர் தேடும் பெற்றோரே, பிர்கிற்றா, பிரீற்றா, கத்தரீனா, காரின், எலிசபெத், செசிலியா ஆகியவை சுவீடன் மக்களுக்குச் சொந்தப் பெயர்கள். நமக்கோ புனிதைகளின் பெயர்கள். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் அந்நியப்படமாட்டாள், ஆலயத்திலும் அந்நியப்படமாட்டாள். அதனுடன் அம்மம்மாவின் பெயரையோ நல்ல தமிழ்ப் பெயரையோ சேர்த்து வைப்பதற்கும் தடையில்லை. பிர்கிற்றாவின் வீட்டிலே புனிதரின் பெயரும் மண்ணின் பெயரும் ஒரே மேசையிலிருந்து உணவருந்தின.

எந்தப் பெயரை வைத்தாலும் ஒன்றை மறவாதீர்கள். பெயரோடு அதன் கதையையும் பிள்ளைக்குக் கொடுங்கள். யாரை எண்ணி அந்தப் பெயரை வைத்தீர்கள், அவர் எப்படி வாழ்ந்தார், எதற்காக அழுதார், எதற்காகச் செபித்தார் என்று பிள்ளைக்கு விளங்கும் வயதிலே சொல்லுங்கள். அவரது திருநாள் வரும்போது வீட்டிலே ஒரு மெழுகுதிரி ஏற்றி, பிள்ளையின் நெற்றியிலே சிலுவை அடையாளம் வரையுங்கள். பின்னர் பிள்ளை எந்த வழியிலே போனாலும், எட்டுப் பிள்ளைகளின் தாயான பிர்கிற்றாவைப்போல அவளுக்காகச் செபித்துக்கொண்டேயிருங்கள்.

சட்டங்களால் அழிக்க முடியாத ஒரு பெயரை ஏழைத் தாய்மாரின் தாலாட்டு காப்பாற்றியது. உங்கள் வீட்டுத் தொட்டிலுக்கும் அந்த வல்லமை உண்டு.

புனித பிர்கிற்றா நம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக.